பிளாஸ்டிக் கெடுதல்னு சொல்றவங்க ஏன் பை எடுத்துட்டுப் போறதில்லை?

எம்.எட். படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "பிளாஸ்டிக் கெடுதல்னு என் ஆய்வு வினாத்தாள்ல கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா கடை வாசல்ல நின்னு பார்த்தா மஞ்சப்பையோட வந்தவங்க கொஞ்சம் பேர்தான். பொய் சொல்றாங்களா, இல்ல வினாத்தாள் தப்பா?"

பொய்னு உடனே முடிவு கட்டாதீங்கம்மா. நீங்க அளந்தது பிளாஸ்டிக்கைப் பத்தின மனப்பான்மை. எண்ணிப் பார்த்தது பை எடுத்துட்டு வர்ற செயலை. ரெண்டும் வேற வேற.

1979ல டேவிட்சன், ஜக்கார்டுன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் திருமணமான பெண்கள்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க. கருத்தடையைப் பத்திப் பொதுவா என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டதுக்கும், அடுத்த ரெண்டு வருஷத்துல அவங்க கருத்தடை மாத்திரை சாப்பிட்டதுக்கும் ஒட்டுறவு (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து போகுதுன்னு காட்டுற எண்; 0ன்னா தொடர்பே இல்ல, 1ன்னா முழுத் தொடர்பு) வெறும் 0.08. கருத்தடை மாத்திரையைப் பத்திக் கேட்டப்போ 0.32. 'நீங்க மாத்திரை சாப்பிடுறது'ன்னு கேட்டப்போ 0.53. 'அடுத்த ரெண்டு வருஷத்துல நீங்க சாப்பிடுறது'ன்னு கேட்டப்போ 0.57. கேள்வி நெருங்க நெருங்க எண் எப்படி ஏறுது பாருங்க!

அதனால உங்க வினாத்தாள்ல வர்ற ஒவ்வொரு கூற்றுலயும் நாலு விஷயம் இருக்கணும்: என்ன செயல், எதை வச்சு, எந்த இடத்துல, எந்தக் காலத்துக்குள்ள. "அடுத்த 2 வாரத்துல மளிகைக் கடைக்குப் போறப்போ வீட்டிலிருந்து துணிப்பை எடுத்துட்டுப் போறது எனக்குத் தொந்தரவு." இப்படிக் கேளுங்க. பிளாஸ்டிக் நல்லதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பை தூக்குறது தொந்தரவுன்னு மனசு விட்டுச் சொல்லுவாங்க.

இன்னொரு கோளாறு, நிறைய ஆய்வேட்டுல கவனிக்காம விடுறது. எல்லாரும் 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்'லயே டிக் அடிச்சா மதிப்பெண்ல பரவலே, அதாவது ஆளுக்கு ஆள் வித்தியாசமே, இருக்காது. பரவல் இல்லேன்னா ஒட்டுறவு எண் தானாவே சுருங்கிடும். முதல்ல 30 பேர்கிட்ட முன்னோட்டம் பார்த்து, அப்படிப்பட்ட கூற்றுகளை எடுத்துடுங்க. நடத்தையையும் ஒரே நாள் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அன்னிக்கு வேலையிலிருந்து நேரா கடைக்கு வந்திருக்கலாம். ரெண்டு வாரம் குறிச்சு, கடைக்குப் போன மொத்தத் தடவைல எத்தனை தடவை பை எடுத்துட்டுப் போனாங்கன்னு எடுங்க.

மனப்பான்மை எப்படி உருவாச்சுங்கிறதும் முக்கியம். கார்னெல் பல்கலைக்கழகத்துல விடுதி இடப் பற்றாக்குறை வந்தப்போ, அறை கிடைக்காம பொதுக்கூடத்துல தற்காலிகக் கட்டில்ல படுத்த மாணவர்களும் இருந்தாங்க, அதைக் கேள்விப்பட்டவங்களும் இருந்தாங்க. ரீகன், ஃபாசியோ 1977ல வெளியிட்ட ஆய்வு இது. கோபம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. ஆனா கட்டில்ல படுத்தவங்ககிட்டதான் சொன்னதும் செஞ்சதும் நல்லாப் பொருந்துச்சு. அனுபவத்துல வந்த மனப்பான்மை உறுதியா நிக்கும், தேவைப்படுற நேரத்துல சட்டுனு நினைவுக்கும் வரும். பாடத்துல படிச்சு வந்தது அவ்வளவு சீக்கிரம் வராது.

அதனால கூடவே ரெண்டு கேள்வி சேருங்க: இதுக்கு முன்னாடி துணிப்பை தொடர்ந்து கொண்டு போன பழக்கம் உண்டா? இப்போ அந்தப் பை எங்க இருக்கு, சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஆணியிலயா, வண்டி சீட்டுக்கு அடியிலயா? இந்தப் பதில்களை வச்சுக் குழு பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒட்டுறவைத் தனித்தனியாப் போட்டுப் பாருங்க.