புயல் நிவாரணப் பட்டியலில் உங்கள் கடை இருக்கிறதா?

வணிகப் பெருமக்களே, வணக்கம்.

புயல் ஓய்ந்ததும் கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அரசு மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான அந்தப் பட்டியலில் மளிகைக் கடை கிடையாது, லேத் பட்டறை கிடையாது, ஓட்டலும் கிடையாது. தொழில் செய்கிறவர்கள் என்று பார்த்தால் விவசாயி, மீனவர், கால்நடை வளர்ப்பவர், நெசவாளர், கைவினைஞர், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்காக ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய்கூடக் குடும்பத்துக்கு வந்ததே தவிர, தொழிலுக்கு வந்ததல்ல.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் தொகை சிறியதுதான். நெசவாளருக்குத் தறி, கருவி சேதத்துக்கு 5,000. நூல், பாதி நெய்த துணி, நெய்து முடித்த சரக்குக்கு இன்னொரு 5,000. சேதமானதற்கும் புதிதாக மாற்றியதற்கும் அதிகாரியின் சான்று வேண்டும். குழித்தறியில் தண்ணீர் நின்றால், பாவு நூலை (தறியில் நீளவாக்கில் பூட்டிய நூலை) அறுத்து எடுப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பாவு உங்களுடையதா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தினுடையதா என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

படகு பழுதானால் 6,000, முழுதும் போனால் 15,000. வலை பழுதானால் 3,000, முழுதும் போனால் 4,000. அதே புயலுக்கு வேறு அரசுத் திட்டத்தில் உதவி பெற்றிருந்தால் இது கிடையாது. கறவை மாட்டுக்கு 37,500, ஒரு குடும்பத்துக்கு மூன்று மாடு வரை. கோழிக்கு 100 ரூபாய், உச்சவரம்பு 10,000. அதாவது நூறு கோழி செத்தாலும் இரண்டாயிரம் செத்தாலும் ஒரே தொகை! இறந்த மாட்டைப் புதைத்துவிட்டுச் சான்று கேட்டால் யார் தருவார்கள்? கால்நடை மருத்துவரை முதலில் அழையுங்கள்.

ஆக, கடைக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் பெரிய பணம் காப்பீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். ஆனால் நம் ஊரில் புயல் வருவது தீபாவளி, பொங்கல் சரக்கு இறங்கியிருக்கும் வடகிழக்குப் பருவத்தில். பாலிசித் தொகையோ கோடையில் குறைந்த சரக்கை வைத்துப் போட்டது. புயலன்று சரக்கு 10 லட்சம், பாலிசி 6 லட்சம், நஷ்டம் 4 லட்சம் என்றால், "6 லட்சத்துக்குள்தானே நஷ்டம், முழுசாக வந்துவிடும்" என்று நினைக்கிறார்கள். வராது. சரக்கில் பத்தில் ஆறு பங்குக்குத்தான் பாலிசி என்பதால், நஷ்டத்திலும் பத்தில் ஆறு பங்கு, 2.40 லட்சம்தான் கணக்கு. அதிலும் பாலிசிப்படி நீங்களே ஏற்க வேண்டிய கழிவு போகும். சரக்கு மதிப்பைவிடப் பாலிசித் தொகை குறைவது 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு இல்லை. 8.5 லட்சத்துக்குப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

கடன் கொடுத்த வங்கியே போட்ட பாலிசி என்றால் முகவரியைப் பாருங்கள். குடோனை மாற்றியிருப்பீர்கள், பாலிசியில் பழைய இடமே இருக்கும். புது இடத்துச் சரக்குக்கு அது செல்லாது. வரும் பணமும் பெரும்பாலும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும்.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும்வரை நனைந்த மூட்டைகளைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். நாற்றம் தாங்காவிட்டால் எண்ணி, எழுதி, படம் எடுத்துத் தனியே குவித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டு அகற்றுங்கள். அழிந்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டியதாகக் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அதைத்தான் சொல்கிறது. நஷ்டக் கணக்கில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஆடிட்டர்கள் உட்பட.

கடைசியாக வங்கிக் கடன். பேரிடர் பகுதி என அறிவிக்கப்பட்டால் தவணையைத் தள்ளிவைக்க, கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் 2018 நெறிமுறை வழி செய்தது. அது தள்ளுபடி அல்ல, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புயலன்று தவணை பாக்கி இல்லாத கணக்குகளுக்கே அந்த வழி. வங்கி தானாகச் செய்யும் என்று காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். மனு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.