அந்த இடது கால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் சபையோரே, வணக்கம்.

பழைய பாண்ட் பிள்ளைகள் ஒன்றுகூடும்போது அன்றைய அணிவகுப்பை மீட்டுத் தருவது பேச்சா, படமா என்பது கேள்வி. நான் படத்தின் பக்கம். பள்ளிக்கூட பாண்டில் நான்கு வருடம் சைட் டிரம் அடித்தவன் என்ற உரிமையோடு நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தங்கை, "படத்தில் சத்தம் கேட்குமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். கேட்கும், தங்கச்சி. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் கேட்கும். விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 அடி, அதாவது ஒரு அடிக்கு அரை நொடி. நல்ல வெயிலில் கமராவை நொடியில் 125இல் ஒரு பங்குக்கு வைத்திருப்பார்கள். ஒரு அடியை ஏறத்தாழ அறுபது துண்டாக வெட்டினால், அதில் ஒரு துண்டுதான் படம். அந்தத் துண்டில் பேஸ் டிரம் கோல் தோலைத் தொட்டபடி இருந்தால், பாண்டில் நடந்த எவனுக்கும் நெஞ்சுக்குள் 'டம்' என்று விழும். எங்கள் பாண்டில் அந்த அடி இடது காலுக்கு மட்டும்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் காலி முகத்திடலில் ஒரு அணிவகுப்பு. மேடைக்கு முன்னால் போகும்போது இரண்டாம் வரிசையில் தாளத்துக்குக் கால் பிசகிவிட்டது. பழி ஒரு நண்பன்மேல் விழுந்தது. மாஸ்டர் அவனைப் பாண்டிலிருந்தே நிறுத்தினார். "நான் சரியாகத்தான் போனேன்" என்று அவன் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

பிறகு எத்தனை சந்திப்பு! ஒவ்வொன்றிலும் அந்தக் கதை வரும். பேச்சு என்ன செய்தது தெரியுமா? முதலில் தூறல் என்றோம். சில வருடத்தில் அது மழையானது. பிறகு மழையில் டிரம் தோல் நனைந்து தளர்ந்தது என்றோம். கன்றுத்தோல் ஈரத்தில் தளரும் என்பது உண்மை, அதனால் எல்லோரும் நம்பினோம். எத்தனை காரணம் வந்தாலும் கால் பிசகியவன் மட்டும் மாறவில்லை. அவன் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னோம், அதுவே நடந்ததாகிவிட்டது.

எதிரணித் தலைவர் ஒரு கனமான கேள்வி கேட்டார்: "83 ஜூலையில் எத்தனை வீட்டு அல்பங்கள் எரிந்தன? அப்போது படமா காப்பாற்றியது?" ஐயா, எங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மாவின் கல்யாணப் படம்கூட மிஞ்சவில்லை. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெகட்டிவ் ஒன்று இருந்தால் பிரதி பல வீட்டுக்குப் போகும். எங்களோடு சிம்பல் அடித்த சிங்கள நண்பன், தன் அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்ததாக ஒரு படத்தைக் கொண்டுவந்தான். "மச்சான், இது உன்னுடையதும்தானே" என்று என் கையில் வைத்தான். காலி முகத்திடல், அதே நாள், அதே மேடை.

முதலில் கண்ணில் பட்டது நிழல். கத்தியால் வெட்டியது போல் கறுப்பாக, நீளமாக எங்கள் காலடியில் விழுந்திருந்தது. மழையாவது தூறலாவது! கடல் பக்கத்து மாலை வெயில். டிரம் வார்ப்பட்டியில் தொங்கிச் சாய்ந்திருப்பதையும், அந்தச் சாய்வுக்காக இடது கைக்கோலை விரல்களுக்கு இடையில் மல்லாத்திப் பிடித்திருப்பதையும் பார்த்ததும், மேசைக்கு மேலே என் கை தானாக அப்படி மடிந்தது.

அப்புறம் பேஸ் டிரம்மைப் பார்த்தோம். கோல் தோலில். 'டம்'. அப்படியானால் எல்லோருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் நான்கு பேர். மூவருக்கு வலது கால் தரையில் இருந்தது. அதில் ஒருவன் நான். இடது கால் ஊன்றி நின்றது ஒருவனுக்கு மட்டும்.

அவன் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நால்வரில் யார் யார் என்று சொல்ல எங்கள் வாய்தான் வேண்டும். ஆனால் எங்கள் வாய்களை நம்பி அவனை விட்டிருந்தால், நாங்களும் போன பிறகு அவன் கால் பிசகியவனாகவே இருந்திருப்பான்.

ஒரு பிரதி எடுத்து அவன் மகளிடம் கொண்டுபோனோம். நடந்ததைச் சொன்னோம். "அப்பா வீட்டிலும் அதைத்தான் சொல்லுவார்" என்றாள். பிறகு படத்தைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நடுவர் அவர்களே, இன்னொரு பிரதி உங்கள் மேசையில் இருக்கிறது. இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள். காலைப் பாருங்கள். வணக்கம்.