ரோமின் இடிபாடுகளும் டச்சு ஓவியர்களின் மையும்

நேயர்களுக்கு வணக்கம். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் தொழில் பழகிய ஓவியர் மார்ட்டின் ஃபான் ஹேம்ஸ்கெர்க் 1532இல் ரோமுக்குப் போனார். அதற்கு ஐந்தாண்டு முன்புதான், 1527இல், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் அந்நகரைச் சூறையாடியிருந்தன. அங்கே அவர் கையில் வைத்திருந்த ஏடு சிறியது. ஒரு தாள் சுமார் 13 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். இறகுப் பேனாவால் அவர் வரைந்த ரோமப் படங்கள் இன்று பெர்லினில் இருக்கின்றன.

அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை புனித பேதுரு பேராலயப் படங்கள். பழைய கோயிலின் ஒரு பகுதியை இடித்துவிட்டு 1506இல் புதிய கட்டடம் தொடங்கினார்கள். வேலை நின்று நின்று நடந்தது. ஹேம்ஸ்கெர்க் பார்த்தபோது மாபெரும் தூண்களும் வளைவுகளும் கூரையில்லாமல் நின்றன. பக்கத்தில் பழைய கோயிலின் மிச்சம். விவரம் தெரியாதவர் அந்தப் படத்தைப் பார்த்தால், கட்டிக்கொண்டிருப்பதையே பாழடைந்தது என்பார். 1626இல் அர்ச்சிக்கப்பட்ட பேராலயம் நடுவில் எந்த நிலையில் கிடந்தது என்று அறிய இவை அருமையான சாட்சி. பழைய ரோமப் பேரவைத் திடலும் (ஃபோரம்) அப்படித்தான். அப்போது அது மாடு மேயும் இடம். ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தது.

ஹேம்ஸ்கெர்க் கோடுகளையே நம்பினார். நிழலுக்கும் நெருக்கமான இழைக்கோடுகள்தான். ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து வந்த டச்சு ஓவியர் பார்த்தலோமேயுஸ் பிரேன்பெர்க் வேறு வழியில் போனார். இவர் 1619இல் ரோமில் இருந்தார். பத்தாண்டு அளவில் அங்கே தங்கினார். இவர் காலத்து ஓவியர்களின் வேலைமுறை இது: முதலில் கறுப்புச் சாக்கட்டியால் மெல்லிய உருவரை, அதன்மேல் வாத்து இறகுப் பேனாவால் கோடு, பிறகு தண்ணீர் கலந்த பழுப்பு மையைத் தூரிகையால் பூசுவது. முதல் பூச்சு மிக வெளிறியது. அது உலர்ந்த பிறகே நிழல் ஆழமான இடங்களில் இரண்டாவது, மூன்றாவது. உலருமுன் பூசினால் விளிம்பு கசிந்து கல்லின் முனை மழுங்கிவிடும். வெயிலில் வைத்து அவசரமாகப் பூசினால் பாதியில் உலர்ந்து, வேண்டாத இடத்தில் வரம்பு விழும். சாக்கட்டியை அழுத்தித் தேய்த்திருந்தால் அதன் தூள் தூரிகையில் ஏறிப் பூச்சைக் கலங்கடிக்கும். தாளுக்கும் பங்குண்டு: கந்தல் துணியில் செய்த தாளுக்கு விலங்குப் பசை ஏற்றியிருப்பார்கள், பசை குறைந்தால் மை ஊறிப் பரவும்.

வெயில் விழும் சுவரைப் பிரேன்பெர்க் தொடவே மாட்டார். வெறும் தாள்தான் அங்கே வெளிச்சம். பக்கத்து நிழல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு அந்த வெறுமை பளிச்சென்று எரியும். இத்தாலிய நண்பகல் வெயிலை இதைவிடக் குறைந்த செலவில் யாரும் பிடித்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அக்காலத்தில் இரண்டு வகை மைகள் பெரிதும் புழங்கின. ஒன்று, மாசிக்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வேலம்பிசினும் சேர்த்தது. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், காலப்போக்கில் பழுப்பாகும். அன்னபேதி மிஞ்சினால் இரும்பும் அமிலமும் சேர்ந்து தாளை அரிக்கும். கோடு இருந்த இடத்தில் விரிசல் விழும், பின்பக்கம் பழுப்புக் கறை தெரியும். மற்றது விறகுப் புகைக்கரியைத் தண்ணீரில் காய்ச்சி வடித்தது. அது தாளை அரிக்காது, பூச்சுக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

அச்சுப்படம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரேன்பெர்க் ஊர் திரும்பிய பிறகு செப்புத் தகட்டில் ரோம இடிபாடுகளைப் பொறித்து அச்சிட்டார். தகட்டில் நேராகப் பொறித்தால் அச்சில் இடம்வலம் மாறும். ஆகவே ஒரு பழைய அச்சுப்படத்தைக் கொண்டு எந்தச் சுவர் எங்கே இருந்தது என்று தீர்மானிக்குமுன், அதே இடத்தின் கைவரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். கைவரைபடம் கிடைக்காவிட்டால் ஒரு கண்ணாடி முன் பிடித்துப் பார்த்து, இன்றும் நிற்கும் தூண்களோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம்.