ஓட்டுப் போட்டுச் சாம்பியன்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றால் நாம் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள். ஓர் அணிக்குப் பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டம்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியில்லை. அப்புறம் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? ஓட்டுப் போட்டுத்தான்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936-இல் இதைத் தொடங்கியது. அந்த ஆண்டு முதலிடம் மினசோட்டாவுக்கு. இப்போது அறுபது சொச்சம் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாரந்தோறும் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, கடைசிக்கு 1. கூட்டினால் பட்டியல் தயார். 1950 முதல் பயிற்சியாளர்களும் தனியே ஓட்டுப் போடுகிறார்கள். தன் அணிக்கே போட்டுக்கொள்ளவும் தடையில்லை. நம்மூர்த் தேர்தலிலும் வேட்பாளர் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறாரே!

எனக்கு உறுத்துவது வேறு. பருவம் தொடங்கும் முன்பே, ஒரு பந்துகூட வீசாமல், முதல் பட்டியல் வந்துவிடும். பழைய பேரை வைத்துத்தானே அதைப் போட முடியும்? 2007-இல் மிச்சிகன் அப்படித்தான் ஐந்தாம் இடத்தில் இருந்தது. செப்டம்பர் 1, சொந்த மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். வந்த விருந்தாளி கீழ்ப்பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட். கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளிக்காக மிச்சிகன் உதைத்த பந்தைக் குறுக்கே பாய்ந்து தடுத்தார்கள். 34-32. மறுவாரம் மிச்சிகன் பட்டியலிலேயே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தவர்கள் கீழ்ப்பிரிவு என்பதால் அவர்களுக்கு ஓட்டுப் போட அதுவரை இடமே கிடையாது. பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள்.

1973-இல் இன்னும் மோசம். பயிற்சியாளர்களின் கடைசி ஓட்டு, நல்ல அணிகளை அழைத்து மோதவிடும் ஆண்டிறுதிப் ‘பவுல்’ ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அலபாமாவைச் சாம்பியன் என்று அறிவித்தாயிற்று. டிசம்பர் 31 அன்று அப்படியொரு ஆட்டமான சுகர் பவுலில் நோட்டர் டேம் 24-23 என்று அதை வீழ்த்தியது. பட்டம் போகவில்லை! மறு ஆண்டிலிருந்து பவுல் ஆட்டங்கள் முடிந்த பிறகே கடைசி ஓட்டு.

சரி, ஓட்டுக்குப் பதில் சில அணிகள் நேரில் மோதிச் சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் வந்தபின் தீர்ந்ததா? 2014-லிருந்து ஒரு தேர்வுக் குழு நான்கு அணிகளைப் பொறுக்கியது. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் அதுவரை ஆடிய 13 ஆட்டங்களையும் வென்றது. ஆனால் அதன் முக்கிய ஆட்டக்காரர் கால் முறிந்து உட்கார்ந்திருந்தார். குழு கொடுத்தது ஐந்தாம் இடம். அடுத்த ஆண்டு 12 அணிகள் ஆக்கினார்கள். இப்போது சண்டை பதின்மூன்றாம் இடத்துக்கு.