கொடை மேடை மைக்கில் சுருக்கென்று இழுப்பது ஏன்? டிசி பவர் சப்ளையின் கசிவைக் குறைக்கும் வழி

[திரையில்: வில், குடம், உடுக்கை; முன்னால் மைக்.]

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில், பின்னிரவில் பனியில் நனைந்த மண்ணில் வெறுங்காலுடன் நின்று பாடுபவருக்கு, மைக்கின் வலைமூடி உதட்டில் பட்டதும் சுருக்கென்று இழுப்பதுண்டு. உடனே அடாப்டர் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். எர்த் பின் இல்லாத, இரண்டே பின் கொண்ட அடாப்டர் நல்ல நிலையில் இருந்தாலும் இப்படிச் செய்யும்.

[திரையில்: திறந்த அடாப்டர், டிரான்ஸ்ஃபார்மர் அருகே நீல வில்லை.]

டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கங்களையும் இணைக்கும் இந்த நீல வில்லைதான் ஒய் கெப்பாசிட்டர். ஸ்விட்சிங்கில் எழும் இரைச்சல் வெளி வயர்களில் பரவாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்காக இதை வைக்கிறார்கள். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் இதே வழியில் சிறிதளவு கசிகிறது. 230 வோல்ட்டில், 2.2 நானோஃபாரட் வழியே அதிகபட்சம் ஏறத்தாழ 160 மைக்ரோஆம்பியரும், 1 நானோஃபாரட் வழியே 72 மைக்ரோஆம்பியரும் கசியும். மிக்சர், லேப்டாப், எக்கோ யூனிட் ஆகியவற்றின் கசிவுகளெல்லாம் கேபிள் ஷீல்டு (உள் வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியே ஒன்றுசேர்ந்து மைக்கின் உலோகத்துக்கு வருவதை மேடையில் பலரும் கவனிப்பதில்லை.

டெஸ்டர் எரிவதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கசிவுக்கும் அது எரியும், பழுதுக்கும் எரியும். அடாப்டரின் டிசி நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 1 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து, அதன் குறுக்கே ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். 100 மில்லிவோல்ட் என்றால் 100 மைக்ரோஆம்பியர். பல வோல்ட் காட்டினாலோ ரெசிஸ்டர் சூடானாலோ மெயின்ஸையும் டிசி பக்கத்தையும் பிரிக்கும் காப்பு (இன்சுலேஷன்) உடைந்திருக்கிறது; அந்த அடாப்டரைத் திரும்பவும் மாட்டாதீர்கள்.

[திரையில்: இரண்டு அறைகள் கொண்ட பாபின் (கம்பி சுற்றும் கூடு).]

வில்லையை வெட்டி எடுத்தால் கசிவு குறையும், இரைச்சல் கூடும். அந்த இடத்தில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டரை வைப்பது கொலைக்குச் சமம். அது ஷார்ட்டானால் மெயின்ஸ் நேரே உதட்டுக்கு வந்துவிடும். மிக்சருக்குக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால், பிரைமரியும் (மெயின்ஸ் பக்கச் சுற்று) செகண்டரியும் (வெளியீட்டுப் பக்கச் சுற்று) தனித்தனி அறைகளில் சுற்றப்பட்ட 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட சப்ளையையே நான் பரிந்துரைப்பேன். சுற்றுகளுக்கிடையே 50 பிக்கோஃபாரட் இருந்தாலும் கசிவு 4 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது.

இருக்கிற அடாப்டர்களையே பயன்படுத்த வேண்டுமென்றால், மூன்று பின் பிளக் உள்ள, டிசி நெகட்டிவ் எர்த்துடன் சேர்ந்த சப்ளையை மிக்சருக்குக் கொடுங்கள். எல்லாக் கசிவும் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். வறண்ட தேரி (செம்மணல் மேடு) மணலில் அடித்த எர்த் கம்பி சில நூறு ஓம் காட்டினாலும் கசிவை வடிக்க அது போதும். காப்பு உடையும்போது ஃபியூஸைப் போக்க அது போதவே போதாது. ஆகவே மேடை இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மண்ணுக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும்.