மணற்பாலையின் கிலுகிலுப்பைப் பாம்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் மொகாவி, சொனோரா பாலைவனங்களில் வாழும் சைட்வைண்டர் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றி இன்று பேச விழைகிறேன். 1854-இல் எட்வர்ட் ஹாலோவெல் இதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். முழுமையாக வளர்ந்தபின்னும் இது 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. கண்களுக்கு மேலே கொம்புபோல் நிமிர்ந்த செதில்கள் உண்டு. கிலுகிலுப்பைப் பாம்புகளில் பெரும்பாலும் ஆணே பெரியது; இந்த இனத்திலோ பெண் பெரியது.

இதற்குப் புகழ் தேடித் தந்தது இதன் நடைதான். உடலின் ஓரிரு பகுதிகள் மட்டும் மணலில் ஊன்றியிருக்க, எஞ்சிய பகுதிகளைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்துச் செல்வதால், இதன் தடம் தொடர்ச்சியான கோடாக அமையாமல், ஒன்றுக்கொன்று இணையான சாய்ந்த துண்டுகளாகப் பதிகிறது. 2014-இல் வெளியான ஆய்வொன்றில், சரிவு கூடக்கூட இப்பாம்பு மணலில் படியும் உடல்நீளத்தைக் கூட்டிக்கொண்டு, மணல் சரிந்துவிடாமல் மேலேறுவதைக் கண்டார்கள். அதே முறையைக் கற்றுக்கொடுத்தபோது பாம்பு வடிவ எந்திரமும் சரிவில் ஏறியது. நம் நாட்டுச் சுருட்டை விரியனும் இவ்வாறு பக்கவாட்டில் செல்ல வல்லது.

வேட்டையில் இது பொறுமைசாலி. உடலைச் சுருட்டி மணலுக்குள் அமிழ்த்திக்கொண்டு, எலியினங்களும் பல்லிகளும் அருகில் வரும்வரை காத்திருக்கும். குட்டிகளோ வால்நுனியைப் புழுவைப் போல நெளித்துப் பல்லிகளை ஈர்க்கின்றன.

ஆயினும், என் மதிப்பில், நடையைவிட வியப்புக்குரியது இதன் பிள்ளைப்பருவமே. இது முட்டையிடாமல் குட்டி ஈனும் பாம்பு. பிறந்த குட்டிகள் முதற்சட்டை உரிக்கும்வரை, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கும் மேலாக, தாய் வளையில் உடனிருக்கிறது. வெளியே மணல் கொதிக்க, உள்ளே குளிர்ந்திருக்க, குட்டிகள் வளையின் வாயிலில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு, ஓயாமல் இடம் மாறியபடி, தம் கூட்டத்தின் வெப்பத்தை 32 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்துக்கொள்கின்றன. பாம்புக்குப் பாசமோ கூட்டு வாழ்வோ இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வளைவாயிலைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

அந்த வளையும் பாம்பு தோண்டியதன்று. எலியினங்கள் தோண்டி விட்டுச்சென்றது. ஆகவே, கலிபோர்னியாவின் மணற்குன்றுகளில் கேளிக்கைக்காக ஓட்டப்படும் வண்டிகள் ஒரு வளையை நசுக்கும்போது, எலியின் வீட்டோடு இப்பாம்பின் ஈற்றிடமும் அழிந்துபோகிறது.