ஆத்திரமும் புத்தியும்: சிறை மீண்டு வருவோருக்காக ஒரு வேண்டுகோள்

(மட்டக்களப்பில் கிராம மட்டச் சங்கங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தர் அவர்களே, கல்முனையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் சட்டத்தரணி நண்பர்களே, ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, கமக்கார அமைப்புகளிலும் மீனவர் சங்கங்களிலும் பொறுப்பு வகிக்கும் பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பிரதேச செயலாளர் அம்மாவுக்கு ஒரு தனி நன்றி சொல்லியாக வேண்டும். குற்றம் செய்தவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம், மண்டபம் வேண்டும் என்று கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. திகதியை மட்டும் கேட்டார். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருபவர்கள் பின்னேரம் திரும்பிப் போக வேண்டும், காலையிலேயே கூட்டத்தை வையுங்கள் என்று அவரே சொன்னார். இங்கே போடப்பட்டிருக்கும் கதிரைகள் பக்கத்துப் பாடசாலையிலிருந்து வந்தவை. அந்த அதிபருக்கும், நேற்றிரவு அவற்றைச் சுமந்து வந்த இளைஞர் கழகத் தம்பிமாருக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, குற்றவாளிகளின் புனர்வாழ்வில் அறிகை நடத்தைப் பயிற்சி. மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். இந்தப் பயிற்சி என்ன செய்கிறது என்பது முதலாவது. அதனால் உண்மையிலேயே பலன் உண்டா என்பது இரண்டாவது. சிறையில் இருக்கும் பெண்களுக்கு இது எப்படி அமைய வேண்டும் என்பது மூன்றாவது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு." என் பேச்சுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழி இல்லாமல் நான் மேடையிலிருந்து இறங்கியதில்லை. நம் ஊரில் இதை ஒரு தீர்ப்பாகச் சொல்கிறார்கள். வெட்டினான், அடித்தான், அவன் ஆத்திரக்காரன், அவ்வளவுதான், கதை முடிந்தது என்கிறார்கள். அங்கிருந்துதான் கதை தொடங்க வேண்டும் என்கிறேன் நான். ஆத்திரம் வருவதற்கு முன் அந்த மனிதனின் மனதில் என்ன ஓடியது? அதை அவன் கவனித்தானா? கவனிக்கப் பழக்கலாமா? அறிகை நடத்தைப் பயிற்சி முழுவதும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடும். 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல வைத்தியர் மனச்சோர்வு நோயாளிகளிடம் தொடங்கிய வழி இது. ஒரு நிகழ்வுக்கும் நமக்கு வரும் உணர்வுக்கும் நடுவில் ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் பல வேளைகளில் பிழையானது. பிழையைக் கண்டுபிடித்தால் உணர்வும் மாறும், செயலும் மாறும்.

இதை விளங்கப்படுத்த நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம்.

படுவான்கரையில் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. மாரி வேளாண்மை, கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவம். ஓர் இளைஞன், தாயின் நகையை அடகு வைத்து விதைத்தவன், விடியற்காலையில் வயலுக்குப் போகிறான். நடுக் கண்டத்தில் ஓர் எருமை நின்று மேய்கிறது. யாருடைய எருமை என்று குறி பார்த்துத் தெரிந்துகொள்கிறான். எருமையைத் துரத்திவிட்டு, தோளில் கிடந்த மண்வெட்டியோடு நேரே அதன் சொந்தக்காரன் வீட்டுக்குப் போகிறான். மண்வெட்டிப் பிடியால் ஒரே அடி. அடிபட்டவருக்குக் கை முறிந்தது. பிறகு பொலிஸ், விளக்கமறியல், வழக்கு. கடைசியில் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. அப்படிக் கட்டளை பெற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை உளவளத்துணை அமர்வு நடத்தும் பொறுப்பு அப்போது எனக்கு இருந்தது.

கரும்பலகையில் நான்கு கட்டம் கீறினேன். நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, உடம்பில் தெரிந்தது என்ன, செய்தது என்ன. அந்த இளைஞன் எழுந்து வந்து முதல் கட்டத்தில் "எருமை வயலுக்குள் நின்றது" என்று எழுதினான். நாலாவது கட்டத்தில் "அடித்தேன்" என்று எழுதினான். நடுவில் இரண்டு கட்டமும் வெறுமை. "நடுவில் ஒன்றும் இல்லை சேர். கண்டேன், அடித்தேன்" என்றான்.

"தம்பி, உன் வயலுக்கும் அவர் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"ஒன்றரை மைல் இருக்கும் சேர்."

அறை முழுவதும் சிரித்துவிட்டது. அவனும் சிரித்தான். ஒன்றரை மைல் நடந்திருக்கிறான். அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் மனதில் ஒன்றும் ஓடவில்லையா? மெல்ல மெல்லக் கேட்டு அந்த வழியைத் திரும்ப நடந்தோம். வரம்பில் ஏறும்போது, "தெரிந்துகொண்டுதான் அவிழ்த்து விட்டிருக்கிறான்." குளக்கட்டில் நடக்கும்போது, "போன போகமும் எல்லைக் கதை பேசினான், என்னைப் பேயன் என்று நினைக்கிறான்." பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது, "இன்றைக்கு விட்டுவிட்டால் இந்த ஊரில் நான் தலை நிமிர முடியாது." எருமை செய்தது ஒன்றே ஒன்று, வயலுக்குள் நின்றது. மற்ற மூன்றும் இவன் வழியில் சேர்த்துக்கொண்டவை. வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எருமையும் இல்லை, வேளாண்மையும் இல்லை. ஒரு பகைவன் மட்டும்தான் நின்றான்.

கதை இன்னும் முடியவில்லை. இந்தப் பயிற்சியில் நடித்துப் பார்ப்பது முக்கியமான அங்கம். நமது குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், கசிப்பு என்ற கள்ளச் சாராய வழக்கில் வந்தவர். இளவயதில் வடமோடிக் கூத்தில் துரியோதனன் ஆடியவர். அவரை இந்த இளைஞனாகவும், இளைஞனை எருமைக்காரனாகவும் நிறுத்தினேன். பெரியவர் விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டே உள்ளே வந்தார். எல்லோருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. ஆனால் கூத்துக் களரியில் நின்ற மனிதர் அல்லவா, கிட்ட வந்ததும் முகத்தை மாற்றிவிட்டார். கண்ணை உருட்டி விளக்குமாற்றை ஓங்கினார். இளைஞன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "கயிறு அறுந்தது எனக்குத் தெரியாது மச்சான்!" என்று கத்தினான்.

கத்திவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அன்றைக்கும் அவன் இதைத்தான் சொன்னான் சேர். இப்போதுதான் அது எனக்குக் கேட்கிறது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உண்மைதான். ஆனால் அந்தப் புத்தியை ஒரு கரும்பலகை, ஒரு விளக்குமாறு, பொறுமையோடு கேள்வி கேட்க ஓர் ஆள், இவற்றை வைத்துக்கொண்டே வளர்க்கலாம்.

இரண்டாவது விடயம், பலன். 1974இல் ரொபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறைப் புனர்வாழ்வுத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு நம்பிக்கை தராத ஒரு கட்டுரை எழுதினார். "எதுவுமே பலிக்காது" என்ற பேச்சு அதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. ஐந்து வருடத்தில் அவரே அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார், ஆனால் அதைக் கேட்டவர்கள் குறைவு. 1980களில் கனடாவில் ரொபர்ட் ரொஸ், எலிசபெத் ஃபபியானோ என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். பலித்த திட்டங்களை மட்டும் எடுத்து, அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடினார்கள். யோசிக்கும் பழக்கத்தை மாற்றுவதுதான் பொதுவாக இருந்தது. அதை வைத்து அவர்கள் அமைத்த பயிற்சியை நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்லர், பயிற்றப்பட்ட நன்னடத்தை உத்தியோகத்தர்கள். இதை நலன்புரி உத்தியோகத்தர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2005இல் லான்டன்பெர்கர், லிப்சி என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் மறுபடி குற்றத்துக்குப் போன இடத்தில், பயிற்சி பெற்றவர்களில் 30 பேர் போனார்கள். பத்துப் பேர் பத்துக் குடும்பம். பிரபலமான திட்டமா, பெயர் தெரியாத திட்டமா என்பதில் வித்தியாசம் இருக்கவில்லை. ஒழுங்காக, குறைவின்றி நடத்தினார்களா என்பதில்தான் வித்தியாசம் இருந்தது.

ஆனால் 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. சிறைக்குள் நடத்தப்பட்ட உளவியல் திட்டங்களை மட்டும் எடுத்து, 29 பரிசோதனைகளில் 9,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். சிறிய ஆய்வுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பலன் மிகவும் சுருங்கிவிட்டது. சிறைக்குள் கற்றது வெளியேயும் தொடர வேண்டும் என்பதே அவர்கள் வலியுறுத்தியது. நான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்ததும் அந்த வெளியைப் பற்றித்தான்.

அந்தப் படுவான்கரை இளைஞனுக்குப் பிறகு என்ன நடந்தது? எல்லா அமர்வுக்கும் வந்தான். எருமைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவரும் மன்னித்தார். அதன் பிறகு மானிய உரத்துக்கான பட்டியலில் பெயர் சேர்க்கச் சங்கத்துக்குப் போனான். "வழக்குக்காரனுக்கு இடமில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இப்போது கூலிக்குப் போகிறான். அடிபட்டவர் மன்னித்துவிட்டார், நீதிமன்றம் கணக்கை முடித்துவிட்டது, சங்கம் மட்டும் இன்னும் தண்டித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருகிறது என்றால் இங்கேதான் வருகிறது.

லைபீரியாவைப் பாருங்கள். நம்மைப்போல் நீண்ட போரைக் கண்ட நாடு. 2003இல் போர் முடிந்தது. தலைநகரம் மொன்றோவியாவில் களவு, போதைப்பொருள் விற்பனை என்று தெருவில் வாழ்ந்த 999 ஆண்களை எடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் அறிகை நடத்தைப் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு 200 டொலர் பணம். ஒரு பகுதியினருக்குப் பயிற்சியும் பணமும். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றுமில்லை. பயிற்சி நடத்தியவர்களில் பலர் முன்பு அதே தெருவில் திரிந்தவர்கள். முடி வெட்டிக்கொள்ளவும், துப்புரவாக உடுத்தவும், வங்கிக்குள்ளும் கடைக்குள்ளும் கூச்சமில்லாமல் போய்ப் பேசவும் பழக்கினார்கள். பணத்தைக் குடித்தே தீர்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்யவில்லை. பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் காலப்போக்கில் தேய்ந்தது. இரண்டும் பெற்றவர்களிடம் களவும் போதை விற்பனையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பத்து வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது.

பயிற்சி புத்தியைத் தருகிறது. அந்தப் புத்தியோடு நாளை காலை எழும்பி எங்கே போவது? ஒரு தோணி வேண்டும், ஒரு வலை வேண்டும், கால் ஏக்கருக்கு விதை நெல் வேண்டும். ஐஸ் போதைப்பொருள் விற்பவன் வாசலில் வந்து நிற்கும்போது, "வேண்டாம், எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்ல ஒரு வேலை வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகத்துக்குள்ளேயே சீர்திருத்தக் கட்டளை கொடுக்க நீதிமன்றங்களுக்கு வழி விட்டிருக்கிறது. நமது நாட்டுச் சிறைகளில் கொள்ளளவைப்போல இரு மடங்குக்கும் மேல் ஆட்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். தண்டப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர். வெற்றிலைக் கடைக்காரர், மீன் விற்பவர், தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர். அவர்களை அங்கே வைத்து எந்தப் புத்தியை வளர்க்கப் போகிறோம்?

ஆகவே நாங்கள் கையெழுத்துத் திரட்டும் மனுவில் கேட்பது இதுதான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒவ்வொரு கமக்கார அமைப்பும், மீனவர் சங்கமும், கிராம அபிவிருத்திச் சங்கமும் தண்டனை முடித்து வருபவரை அங்கத்தவராகச் சேர்ப்போம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுக்க வேண்டும். சுழற்சிக் கடனில் ஒரு பங்கை அவர்களின் தொழில் முதலுக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சியைத் தமிழில், நம் ஊர்ப் பேச்சில், நம் ஆட்களே நடத்த வேண்டும். கூத்து ஆடத் தெரிந்த அண்ணாவிமார் இத்தனை பேர் இருக்கும் மண்ணில் நடித்துக் காட்டுவதற்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவில் ஒவ்வொரு குடி மரபுக்கும் உரிய பங்கில் அவர்கள் பெயரை வெட்டாதீர்கள். தேர்க் கயிறு பிடிக்க அழையுங்கள்.

பெண் கைதிகள் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் ஐயா துண்டுக் கடதாசி அனுப்பிவிட்டார், நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன்: வெளியே வரும் ஒரு தாய்க்குத் தொழிலுக்கு முன்னர் தன் பிள்ளைகளோடு தங்க ஓர் இடம் வேண்டும். மனுவில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லி அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் சங்கங்களின் பொறுப்பாளர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் இவ்வளவும் பேசினேன். படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. சங்க முத்திரை கொண்டு வந்தவர்கள் இன்றைக்கே இடலாம். மற்றவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் வைத்துத் தீர்மானத்தின் பிரதியோடு தாருங்கள். முதல் கையெழுத்தைத் தானே இடுவதாக வண்ணக்கர் ஐயா காலையில் சொன்னார். அவரை மேசைக்கு அன்போடு அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.